ஆமாஞ்சாமி

அந்த அறையில் ஏழு பைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

ரப்பர் பைகள்தான். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற சின்ன பம்ப் ஒன்று அலமாரியின் அடித்தட்டில் உட்கார்ந்து உறுமும். அதிலிருந்து கிளம்புகிற குழாய்கள் ஏழு பைகளுக்கும் போகும். பைகள் உப்பும், அமுங்கும், மறுபடி உப்பும். ஒவ்வொரு பைக்கும் அடியில் ஒரு சின்ன விரிப்பு. விரிப்பிலிருந்து ஒரு வயர் சோப்பு டப்பா அளவுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் போகும். பைகள் குழந்தைகள் மாதிரி, பெட்டிகள் காவல். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் மெத்தைக்கடியில் விரிப்பைப் போட்டுவிட்டால், மூச்சு நின்ற மறுநொடி பெட்டி வீடே அதிரக் கத்த வேண்டும். கத்துகிறதா என்று பார்ப்பது அப்பாவின் பிழைப்பு. பெட்டிகளைச் செய்கிற முதலாளி நகரத்தின் அந்தக் கோடியில் பட்டறை வைத்திருந்தார். பரிசோதனை மட்டும் இங்கே, இரண்டே அறை இருக்கிற இந்த வீட்டில்.

அந்த இரண்டில் ஒன்றில்தான் அலமாரியும், மகளின் படிப்பு மேசையும், அவள் படுக்கையும். பிறந்ததிலிருந்தே கண்ணை மூடாத பிள்ளை என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் ஆந்தை. பதினாறு வயதாகியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

மூச்சை நிறுத்திப் பார்ப்பது சுலபம். பம்பை அணைத்தால் போதும். கஷ்டமான சோதனை வேறு. வீடுகளில் கரண்ட் போகும், வரும். வந்ததும் பெட்டி தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து காவலைத் தொடர வேண்டும். முதல் நாள் மட்டும் யாராவது பொத்தானை அமுக்கலாம். அதற்கப்புறம் ஆளை எதிர்பார்த்து நிற்கக் கூடாது. இதை ஒரு தடவை இரண்டு தடவை பார்த்தால் போதாது, ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. மனுஷன் உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருக முடியுமா? அதற்குத்தான் கணினியின் ஒரு துளையை ஏழாகப் பிரிக்கிற யூ.எஸ்.பி. ஹப். ஏழு பெட்டிகளின் வயரும் ஹப்பின் ஏழு போர்ட்டில். மடிக்கணினியில் அப்பா எழுதிய புரோகிராம் ஹப்புக்கு உத்தரவு போடும்: முதல் போர்ட்டை அணை. கொஞ்சம் பொறு. திற. பிறகு பெட்டியைக் கேட்கும்: காவலில் இருக்கிறாயா? இருக்கிறேன் என்றால் திரையில் பச்சையாக ஒரு வரி. அடுத்தது இரண்டாவது போர்ட். இப்படியே விடிய விடிய.

பழைய ஹப் இருந்தவரைக்கும் அந்த அறையில் சத்தம் ஓயாது. அணைக்கும்போது ஹப்புக்குள் ஒரு டிக். திறக்கும்போது ஒரு டிக். உயிர் வந்த பெட்டி, வாலை மிதிபட்ட எலி மாதிரி, குயிக் என்று ஒரு கத்தல். அம்மா சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டிக், டிக், குயிக்.

"ஏங்க, இந்தச் சனியனுக்கு வாயக் கட்ட முடியாதா?"

"அது வாயத் தொறந்தாதான் நமக்கு வாய்க்குப் போகும்."

"ரொம்ப நல்லாத்தான் பேசறீங்க. பொண்ணு அதுக்கு நடுவுல எப்படிப் படிக்கும்?"

"எனக்குப் பழகிடுச்சும்மா," என்பாள் ஆந்தை. உண்மையிலேயே பழகியிருந்தது. தூக்கத்தில்கூட அந்தக் குயிக் கேட்டால்தான் உடம்பு தளரும்.

பழைய ஹப் முரண்டு பிடிக்கிற சாதி. பாதி நாள் உத்தரவைக் கேட்காது, திரையில் சிவப்பாகத் திட்டும். ஒரு நாள் கருகிப் போயிற்று. கடையில் போய் அப்பா புதிதாக வாங்கி வந்தார்; பளபளவென்று கறுப்பு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் நீல விளக்கு. அதே வாரம் முதலாளியும் பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமைப் புதிதாக மாற்றி அனுப்பியிருந்தார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுதான் வினை.

புது ஹப் எதற்குமே மறுப்பு சொல்லவில்லை. அணை என்றால் அணைத்தேன் என்றது. திற என்றால் திறந்தேன் என்றது. ஒரு சிவப்பு வரி கிடையாது.

"பார்த்தியா ஆந்தை, எதுத்து ஒரு வார்த்தை பேசுதா? தங்கம். எது சொன்னாலும் ஆமாஞ்சாமி," என்றார் அப்பா. அன்றிலிருந்து ஹப்புக்கு ஆமாஞ்சாமி என்றே பெயராகிவிட்டது.

சத்தமும் நின்றுபோயிற்று. டிக் இல்லை, குயிக் இல்லை.

"புது புரோகிராம்ல அந்தக் கத்தல எடுத்துட்டாங்க போல," என்றார் அப்பா.

"எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கட்டும்," என்றாள் அம்மா. தூசி படாமல் இருக்க அலமாரி மேல் பழைய துண்டு ஒன்றையும் போர்த்திவிட்டாள். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

ஆந்தைக்குத்தான் அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு, வராத ஒன்றுக்காகக் காது கொடுத்தபடி கிடப்பாள். துண்டுக்கடியில் பைகள் மட்டும் உஸ், உஸ் என்று மூச்சு விடும். யாரோ ஏழு பேர் அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது மாதிரி இருக்கும்.

சித்திக்குக் குழந்தை குறைமாதத்தில்தான் பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, உள்ளங்கை அளவு உடம்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்தப்பா கப்பலில். ஆஸ்பத்திரியிலேயே இரண்டு தடவை மூச்சு நின்று, நர்ஸ் பாதத்தில் சுண்டிச் சுண்டி வரவழைத்தாளாம். அதைப் பார்த்ததிலிருந்து சித்தி தூங்கவில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. அதைத் தாங்க முடியாமல்தான் அப்பா முதலாளியிடம் சொல்லி ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போய் வைத்தார்.

அன்றைக்கு ஆந்தையும் கூடப் போயிருந்தாள். மெத்தைக்கடியில் விரிப்பைத் தள்ளி, வயரைச் சுவர் பிளக்கில் சொருகினார் அப்பா.

குயிக் என்றது பெட்டி.

ஆந்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

"இது சிமிட்டிக்கிட்டே இருந்தா காவல்ல இருக்குன்னு அர்த்தம். நீ தாராளமா தூங்கலாம்," என்றார்.

"கரண்ட் போனா என்ன மாமா பண்றது?"

"போனா நீதான் முழிச்சுப் பார்த்துக்கணும். வந்துட்டா கவலைய விடு, தானா எழுந்துக்கும். அதைத்தானே நான் ராப்பகலா சோதிச்சுக்கிட்டு இருக்கேன்."

சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்குவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

வரும் வழியில் ஆந்தை கேட்டாள்.

"அப்பா, கத்தல எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே. அங்க கத்துச்சே."

"அது பழைய பெட்டியா இருக்கும்."

"இல்லப்பா. நம்ம அலமாரியில மூணாவதா இருந்தது. நான்தானே கழட்டிக் குடுத்தேன்."

"சுவர்ல சொருகினா கத்தும், ஹப்புல சொருகினா கத்தாது. ஏதாவது அப்படி வச்சிருப்பாங்க. நீ உன் பரீட்சையைப் பாரு கண்ணு."

அவள் பரீட்சையைப் பார்த்தாள். ஆனால் படிக்கிற ஒவ்வொரு வரிக்கும் நடுவே அந்தக் கத்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டி பிறந்தது போலக் கத்தியது. அப்படியென்றால் இந்த அறையில் பெட்டிகள் ஏன் பிறப்பதே இல்லை?

அதற்கப்புறம் மழைக்காலம் வந்துவிட்டது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் மடிக்கணினியும் ஹப்பும் பம்பும் யூ.பி.எஸ்.ஸில் ஓடின. தெரு இருண்டாலும் அலமாரிக்கு ஒன்றும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே வானம் சாக்கு மாதிரி தொங்கியது. அம்மா சலவைக்கடைக்குப் போயிருந்தாள். அப்பா சமையலறையில் முட்டை அவித்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

யூ.பி.எஸ். பீப் பீப் என்று ஆரம்பித்தது. வழக்கம்தான். ஆந்தை ஜன்னல் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மழை நிற்கவில்லை, கரண்டும் வரவில்லை. பீப் நெருங்கி நெருங்கி வந்து, ஒரே நீளமான ஊளையாகி, பட்டென்று அடங்கியது.

பம்ப் நின்றது. துண்டுக்கடியில் மூச்சும் நின்றது.

"அப்பா, யூ.பி.எஸ். செத்துடுச்சு."

"சாகட்டும். கரண்ட் வந்தா அதுவா ஓடும்."

கரண்ட் வந்தபோது அவள் புத்தகத்தோடு மேசைக்குத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அலமாரி கத்தியது. மிச்சமிருந்த ஆறும் ஒரே நேரத்தில்: குயிக்.

அவள் அப்படியே நின்றாள். எத்தனையோ வாரமாக அந்த அறையில் கேட்காத சத்தம். மெதுவாகப் போய்த் துண்டை எடுத்தாள். பம்ப் ஓடியது, பைகள் உப்பின. பெட்டிகளில் பச்சை விளக்கு எரிந்தது. ஆறிலும் எரிந்தது. ஒன்றுகூடச் சிமிட்டவில்லை.

பொறுத்துப் பார்த்தாள். எழுந்திருக்க நேரம் பிடிக்குமோ என்னவோ. அப்பா சமையலறையில் ஏதோ முணுமுணுத்தபடி ஓட்டை உரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. விளக்குகள் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் கையை நீட்டிப் பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பைகள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன. கடைசிப் பை கொஞ்சம் தயங்கி, அதுவும் அமுங்கியது. குழந்தைகள் எல்லாம் மூச்சை நிறுத்திவிட்டன. ஆறு பெட்டிகளும் பச்சையாகச் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தன. மழைச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"அப்பா."

"சாப்பிட வா."

"அப்பா, இங்க வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, கையில் உரித்த முட்டையோடு வந்தார். தட்டையாகக் கிடந்த பைகளைப் பார்த்தார். பிளக் தரையில் கிடப்பதைப் பார்த்தார்.

"எப்ப பிடுங்கினே?"

"இப்பத்தான். ஒண்ணுமே கத்தலப்பா."

முட்டையை அவள் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு முதல் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். விளக்கு சிமிட்டியது. சிமிட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காது கிழியக் கத்தியது. அமுக்கி நிறுத்தினார். மற்ற ஐந்தும் பேசாமல் நின்றன.

"பொத்தானுக்குக் காத்துக்கிட்டு நிக்குது," என்றார் தனக்குத்தானே. "எழுந்துக்குது. ஆனா காவலுக்குப் போகல. ஆனா நம்ம சோதனையில எல்லாம் பச்சையாத்தானே வந்துச்சு."

"அப்பா, ஆமாஞ்சாமிய அணைக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு போர்ட்டை. திரையப் பார்க்காதீங்க. பெட்டியப் பாருங்க."

கணினி முன் குனிந்து தட்டினார். நான்காவது போர்ட் அணைந்தது என்று எழுதிக் காட்டியது திரை. ஹப்பிலும் நான்காவது நீல விளக்கு ஒழுங்காக அணைந்தது. நான்காவது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"பேச்சை மட்டும் நிறுத்தியிருக்கு," என்றார் அப்பா. "கணினிக்கும் பெட்டிக்கும் நடுவுல பேச்சை மட்டும். கரண்ட நிறுத்தவே இல்ல. ஒரு தடவகூட நிறுத்தல. பெட்டி தூங்கினாத்தானே எழுந்துக்கும். முழிச்சுக்கிட்டே இருந்தவனைப் போய் முழிச்சிட்டியான்னு கேட்டிருக்கேன். ஆமான்னிருக்கான்."

"அதான் சத்தமே வரல."

"ஆமா. அதான் வரல." அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "பழசு முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுச்சு. அதைப் போய் முரண்டுன்னேன்."

அதற்குள் அவள் போனை எடுத்திருந்தாள். சித்தியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல். மறுபடி போட்டாள். அதே குரல், அதே நிதானம்.

"இங்க வந்துடுச்சுன்னா அங்கயும் கரண்ட் வந்திருக்கும்," என்றாள். "சித்தி இந்நேரம் தூங்கிட்டு இருப்பாங்க. ராத்திரி முழுக்க குழந்தை படுத்துதுன்னு பகல்லதான் தூங்கறாங்க."

அப்பா வண்டிச் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

மழையில் பாலத்தின் மேல் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. அப்பா இடுக்கில் நுழைந்து நுழைந்து போனார். ஆந்தை அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அடுப்பை அணைச்சேனா?" என்று திடீரென்று கேட்டார்.

"அணைச்சிட்டீங்கப்பா."

"நான் அணைச்சேன்னு நினைப்பா இருக்கு. ஆனா..."

"நான் கிளம்பும்போது போய்ப் பார்த்தேன். நெருப்பு இல்ல. கைய வச்சுப் பார்த்தேன்."

"சரி. சரி." கொஞ்ச தூரம் போனதும், "ஒண்ணும் ஆயிருக்காது," என்றார். பாலம் இறங்குவதற்குள் அதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டார். அமுங்கின பைகள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன, கடைசிப் பை தயங்கித் தயங்கி அமுங்கினது உட்பட.

சித்தியின் வீடு இரண்டாவது மாடி. மாடிப்படியில் விளக்கு எரிந்தது. அப்பா கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். உள்ளே ஒரு அசைவும் இல்லை. ஆந்தை நடையோரமாக ஓடி, சமையலறை ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளைத் துழாவினாள். தகரத்தில் தோல் சிராய்த்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

அறை வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு இருந்தது. சித்தி கட்டிலில் வாயைத் திறந்தபடி செத்த பிணம் மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்கு மேலே ஆணியில் பெட்டி. பச்சை விளக்கு. சிமிட்டவில்லை.

குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது. போர்வைக்குள் அசைவு இல்லை.

ஆந்தை மூக்கடியில் விரலை வைத்தாள். விரல் மழையில் விறைத்திருந்தது; ஒன்றும் தெரியவில்லை. பாவாடையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் தெரியவில்லை. பின்னால் அப்பா மூச்சே விடாமல் நின்றார். அவள் போர்வையை விலக்கி அந்த வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளங்கை முழு வயிற்றையும் மூடிவிட்டது. சூடு இருந்தது. அசைவு இல்லை. அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு கையின் ஈரம் பட்டோ என்னவோ, வயிறு விலுக்கென்று உள்ளே இழுத்தது. உப்பியது. அமுங்கியது. குழந்தை முகத்தைச் சுருக்கி, கோபமாக ஒரு அழுகை அழுதது.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தி அரண்டு எழுந்தாள். "யாரு... ஆந்தை? என்னடி, முழுக்க நனைஞ்சிருக்கே? மாமா, என்ன ஆச்சு? அக்காவுக்கு ஏதாவது?"

"அக்கா நல்லா இருக்கா."

"அப்ப எதுக்கு இந்தப் பிள்ளைய எழுப்பி விட்டீங்க? இப்பத்தான் கொஞ்சம் கண் அசந்தேன். பெட்டிதான் பார்த்துக்குதே."

ஆந்தைதான் சொன்னாள்.

"அது பார்க்கல சித்தி. கரண்ட் போயிட்டு வந்தா அது எழுந்துக்குது, ஆனா காவலுக்குப் போகல. விளக்கைப் பாருங்க. சிமிட்டல."

சித்தி விளக்கைப் பார்த்தாள். தூக்கம் கலையாத கண்ணோடு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்பலேருந்து சும்மா நிக்குது?"

"கரண்ட் வந்ததுலேருந்து," என்றார் அப்பா. "ஒரு அரை மணி, முக்கா மணி நேரம்."

"இன்னிக்குப் போனது சரி மாமா. முந்தாநாளும் போச்சே. அதுக்கு முந்தின ராத்திரியும் போச்சே." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஒரு தடவகூடப் பொத்தானைத் தொடலையே. தானா எழுந்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. பச்சை எரியுதான்னு மட்டும் பார்த்துட்டுப் படுத்துட்டேன். பச்சை எரிஞ்சுதே."

அழுகை ஓய்ந்து குழந்தை விக்கியது.

"இத்தனை நாளா யாரு பார்த்துக்கிட்டு இருந்தது?" என்றாள் சித்தி. கேள்வி யாரையும் பார்த்துக் கேட்டதாக இல்லை. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, அதன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்து ஜன்னலோரம் போய் முதலாளிக்குப் போன் போட்டார். அந்த அறையில் எதிர்முனைக் குரலும் கேட்டது.

"ஐயா, அந்தப் பெட்டிய யாருக்கும் குடுக்காதீங்க. கரண்ட் போய் வந்தா காவலுக்குப் போகமாட்டேங்குது. புது புரோகிராம் வந்ததுலேருந்து எல்லாமே அப்படித்தான்."

"நீதானேய்யா எல்லாம் பச்சைன்னு அனுப்பினே."

"ஹப் அணைச்சேன்னு சொன்னதை நம்பிட்டேன். அது அணைக்கல. நான் கண்ணால பார்க்கல. தப்பு என்னுதுதான். இருக்கறத நிறுத்துங்க ஐயா, அது போதும்."

"இருக்கறதுன்னா? ஒண்ணும் இல்லையேய்யா. வந்த பெட்டியெல்லாம் கடைக்குப் போயிடுச்சு. கடையில இருந்ததும் வித்துடுச்சு. நீ பச்சைன்னு சொல்லச் சொல்ல நான் அனுப்பிக்கிட்டேதானே இருந்தேன்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எந்தெந்த வீட்டுக்குப் போச்சுன்னு கடைக்காரனுக்கே தெரியுமோ என்னவோ. இரு, கூப்பிட்டுப் பார்க்கறேன். நீ போன வச்சிடாதே."

அப்பா வைக்கவில்லை. காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் வேறொரு போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆந்தை ஜன்னலுக்கு வந்தாள். மழை இருட்டில் எதிர் மேட்டில் வீடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டின் உச்சியில் ஒரு வரிசை அணைந்தது. பிறகு அதற்குக் கீழ் வரிசை. யாரோ போர்வையை இழுத்துக்கொண்டே வருவது மாதிரி இருட்டு தெருத் தெருவாக இறங்கி, பாலத்தைத் தாண்டி, இந்த அறைக்கும் வந்தது. பெட்டியின் பச்சை விளக்கு போய்விட்டது.

இருட்டில் சித்தியின் குரல் மட்டும் கேட்டது. "உப்புது. அமுங்குது. உப்புது." குழந்தைக்குச் சொன்னாளோ தனக்குச் சொல்லிக்கொண்டாளோ தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேட்டின் உச்சியில் முதல் ஜன்னல் எரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வெளிச்சம் போன வழியிலேயே திரும்பி, வீடு வீடாக இறங்கி வந்தது. ஒவ்வொரு ஜன்னல் எரியும்போதும் ஆந்தை அதையே பார்த்தாள். எந்த வீட்டில் என்று தெரியாது. எங்கோ ஒருத்தி பாதித் தூக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பாள், தலையைத் தூக்கிப் பச்சை எரிகிறதா என்று பார்த்திருப்பாள், நிம்மதியாகத் திரும்பிப் படுத்திருப்பாள்.

அறையில் விளக்கு வந்தது. ஆணியில் தொங்கிய பெட்டி, குயிக் என்றது.

சித்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சிலிருந்து கையையும் எடுக்கவில்லை.